x³ஐ x³ஆல் வகுத்தால்

அங்கன்வாடி உதவியாளர் புவனாவுக்கு ஆகஸ்ட் பதினான்காம் தேதி நாற்பது வயது நிறையும். அதற்குள் பத்தாம் வகுப்புத் தேறினால் அந்த மையத்துக்கே பணியாளர் ஆகலாம். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை பாத்திரம் கழுவ வேண்டியதுதான். மற்ற நான்கு பாடங்களிலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் மூன்று முறை தவறியிருந்தாள்.

ஜமுனாமரத்தூரில் டியூஷன் எடுத்தவன் ராஜேஷ் ஒருவன்தான். புவனா தேறாவிட்டால் அந்த வேலை அவன் தங்கை தேவிக்குப் போகும். அது புவனாவுக்கும் தெரியும். வேறு போக்கில்லாமல் பதினாறு வாரம், சனிக்கிழமைதோறும், ஒன்பதே கால் பஸ்ஸில் போய்வந்தாள்.

அடுக்குக் கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. மலையில் சாமைக் கொல்லைக்குக் களை எடுக்க வந்தவர்களுக்குக் கூலி கிடையாது. அவர்கள் வந்த நாளுக்கு ஈடாக நாம் அவர்கள் கொல்லைக்குப் போக வேண்டும். மேலே x⁷, கீழே x⁴. ஏழு நாள் வந்தார்கள், நான்கு நாள் போனோம், மிச்சம் மூன்று. x³ என்று எழுதினாள். சரியாகவே இருந்தது.

மே பதினேழாம் தேதி ராஜேஷ் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு x³இன் கீழ் x³ எழுதினான்.

"சைபர் சார்."

"எப்டிக்கா?"

"மூணு நாள் வந்தாங்க, மூணு நாள் போய்ட்டோம். தீந்துபோச்சே."

ராஜேஷ் டியூஷன் பிள்ளைகள் பக்கம் திரும்பினான். "டேய், அக்கா கணக்குப் போடல, களை புடுங்குதுடா!"

பத்தொன்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒருத்தி பெஞ்சைத் தட்டினாள்.

"இன்னா தப்பு சார்? சொல்லுங்க."

"உங்க வயசுக்கு அது ஏறாதுக்கா. போய் உக்காருங்க."

பலகையை அழித்துவிட்டான். அதன்பின் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஜூலைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது: x⁵ + x³, கீழே x³. அழகாக இரண்டாகப் பிரித்தாள். முதல் பாதி x². இரண்டாவது பாதி தீர்ந்துபோயிற்று என்று x² மட்டும் எழுதினாள். விடைத்தாள் நகலில் அந்த இடத்தில் ஒரு மதிப்பெண் போட்டிருந்தார்கள். மொத்தம் முப்பத்து நான்கு. தேற முப்பத்தைந்து.

நகலை எடுத்துக்கொண்டு ராஜேஷிடம் போனாள். அவன் பைக்கில் உட்கார்ந்தபடியே பார்த்தான்.

"எட்டை எட்டால வகுத்தா இன்னாக்கா?"

"ஒண்ணு."

"x³ம் ஒரு நம்பர்தான. வகுத்தா ஒண்ணு. x² கூட ஒண்ணு சேத்திருக்கணும்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சார்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேக்கா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். "சீக்கிரம் போய் மையத்தத் தொறங்க. தேவி இன்னிக்கு வேலைக்குச் சேர்றா, வாசல்ல நிக்குறா."