அத்தை ஒளித்து வைத்த மூச்சிரைப்பு

சென்னம்மாள் அத்தைக்கு முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பார்வையிட வரும் நாளில், ஓட்டையும் கறையும் உள்ள பீஸ்களை அவர் கண்ணில் படாமல் ஒதுக்கிவிடுவதில் அத்தை கெட்டிக்காரி.

2007இல் அத்தையின் இதயம் பலவீனமாகி, மாத்திரைகளும் கேட்காமல் போயின. கோவையில் டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"இதயத்தோட சுவரெல்லாம் ஒண்ணாச் சுருங்கணும்மா. உங்களுக்கு ஒரு பக்கம் பிந்துற மாதிரி தெரியுது. அப்படியிருந்தா ஒரு கருவி வெச்சுச் சேர்ந்து துடிக்க வைக்கலாம். ஆனா எல்லாருக்கும் அது பலன் தராது. எக்கோ ஸ்கேன்ல பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்போம்."

ஸ்கேனுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்தான். அத்தை புதுச்சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

"நடந்தா மூச்சு வாங்குதாம்மா?"

"இல்லீங்க சாமி."

"படி ஏறினா?"

"ஓடியே ஏறுவனுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்ப இந்தக் கருவியே உங்களுக்குத் தேவையில்லையே!"

எப்போதும் வாய் திறக்காத பொன்னுச்சாமி மாமா பதறி எழுந்தார். "பொய்யுங்க! சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்கறா. வாசல்ல இருந்து ஊட்டுக்குள்ள வாரதுக்குள்ள நின்னு நின்னு வாரா."

"சும்மா இருங்க! ரிஜெக்ட் பண்ணீருவாங்க!" என்று அத்தை சீறினார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கோளாறு இருந்தாத்தாம்மா இங்க பாஸ்."

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த அத்தையின் நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் குமிழை வைத்தார்கள். திரையில் ஒரு சுவர் உள்ளே வந்து திரும்பிய பிறகுதான் எதிர்ச்சுவர் மெதுவாக அசைந்தது. எனக்கே அது தெரிந்தது. டாக்டர் அளந்து பார்த்துத் தலையசைத்தார். "கருவி வெச்சரலாம். நல்லா வர நிறைய வாய்ப்பிருக்கு."

அத்தை திரையையே பார்த்திருந்தார். "இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டா கண்ணு, நா நாள் முச்சூடும் நின்னு வேல செஞ்சேன்?" என்று என்னிடம் கேட்டார்.

வெளியே வந்ததும் மாமா, "இன்னும் என்னத்தப் புள்ள ஒளிச்சு வெச்சிருக்கறே?" என்றார்.

அத்தை சற்றுத் தயங்கினார். "காலு வீங்குதுங்க. செருப்புக்குள்ள போக மாட்டீங்குது."

மாமா தன் செருப்பைக் கழற்றி அத்தையின் காலருகே தள்ளினார். சண்டை போடாமல் அத்தை போட்டுக்கொண்டார்.