இரண்டு மொழிபெயர்ப்பும் ஒரு தூறலும்

என் பழைய கதை ஒன்றின் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பதிப்பகம் அனுப்பியிருந்தது. ஒன்று, கணினியில் செயற்கை நுண்ணறிவு செய்தது. மற்றது, பல ஆண்டுகளாக என் கதைகளை மொழிபெயர்த்துவரும் சென்னை அக்கா செய்தது. புதிய தொகுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். அக்காவுக்கும் இரண்டையும் அனுப்பிவிட்டார்கள். அன்றோடு அவரிடமிருந்து போன் நின்றுபோனது. வாரம் தவறாமல் பேசுகிறவர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாளையம்பட்டி வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு இரண்டையும் வரிக்கு வரி படித்தேன். இயந்திரத்தை ஒரு கை பார்ப்பது என்று கறுவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கடுப்பாக இருந்தது, அது நன்றாகவே செய்திருந்தது. கரிசல் வெடிப்பு, மல்லி காயும் களம் எதிலும் குறை சொல்ல முடியவில்லை. அக்காதான் ஒரு பத்தியையே விழுங்கியிருந்தார்.

கதை சின்னதுதான். நிலத்தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்துவிடுகிறார்கள். "அங்கிட்டு மழை உண்டுமாண்ணே?" என்கிறான் தம்பி. "லேசாத் தூறுச்சுடா" என்கிறான் அண்ணன். அங்கே இயந்திரம் ஒரு குறிப்பு வைத்திருந்தது: அண்ணனின் ஊரில் மழையே இல்லை என்று முந்தைய பக்கத்தில் வருகிறது, இது முரண்பாடு, ஆசிரியர் கவனிக்கவும்.

சிரித்துவிட்டேன். முன்பு இந்தக் கதையை மொழிபெயர்க்க எடுத்தபோது அக்காவும் முதலில் இதையேதான் கேட்டார். "துளி மழை இல்லையே, அந்த அண்ணன் எதுக்குப் பொய் சொல்றார்?" போனில் எனக்கு விளக்கத் தெரியவில்லை. கிளம்பி வந்துவிட்டார்.

புரட்டாசி மாதம், விதைப்புக்கு மானம் பார்த்துக் கிடந்த நேரம். எங்கள் பக்கத்தை அவருக்குச் சுற்றிக்காட்ட, திருச்சுழி போய், பஸ் மாறிப் பரளச்சியில் இறங்கினோம். டீக்கடையில் என் சித்தப்பா முறைக்காரர் ஒருவர், "ஒங்க பக்கம் மழை உண்டுமா தாயி?" என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது. "லேசாத் தூறுச்சு சித்தப்பா" என்றேன். அக்கா வடையும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமா!"

ஆகாதவர்கள் கேட்டால்தான் எங்கள் பக்கத்தில் "சொட்டுக்கூட இல்ல" என்று வெடுக்கென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வேண்டியவர் கேட்டால் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது, இல்லாத தூறலையாவது சொல்லி அனுப்புவோம். இதைச் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். முகமெல்லாம் புழுதி. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் மழையை விசாரித்துக்கொண்டே வந்தார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வரி இரண்டு மொழிபெயர்ப்பிலும் ஒன்றுபோலவே இருந்தது. காற்புள்ளிகூட மாறவில்லை. படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம். எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு வரிக்காக அந்த வெயிலில் வந்து நின்றவரை விட்டுவிட என்னால் ஆகாது. "அக்காவே செய்யட்டும், விட்டுப்போன பத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் எழுதிவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தார். "ம்" என்றதோடு சரி. புத்தகத்தைப் பற்றி எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. சென்னை அனலாய்க் கொதிக்கிறது என்று காலையில்தான் டிவியில் சொன்னார்கள்.

"அங்கிட்டு மழை உண்டுமாக்கா?" என்றேன்.

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"லேசாத் தூறுச்சு" என்றார் அக்கா.