நாலாவது பழத்துக்கும் பத்து

ரோஸ்மேரி டீச்சர் ரிட்டயர் ஆகிச் சில வருஷங்கள் ஆகின்றன. கடையில் சிறுமலை வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டால் இன்றைக்கும் அவருக்குக் கால் நின்றுவிடும். ஒரு சீப்பு வாங்கி, முகர்ந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பார். அந்தப் பழைய ஸ்டாஃப் ரூம் வாசனையோடு வந்து நிற்கும். அந்த நாட்களுக்காக அவர் ஏங்குகிறார். அதை மறைக்கிற ஆளும் இல்லை.

திண்டுக்கல்லில் கன்னியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் அவர் பொருளாதாரம் எடுத்தார். பிசிக்ஸ் எடுத்த கௌசல்யா அவருக்கு உயிர்த்தோழி. மதியம் இருவரும் பொரியல், கூட்டு என்று கொண்டுவந்த வெஞ்சனத்தை மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். டப்பா காலியாவதற்குள் வாக்குவாதம் மூண்டுவிடும். கௌசல்யாவுக்குத் தன்னிடம் லேப் இருக்கிறது, தராசு இருக்கிறது என்ற மிதப்பு. மனுஷனுக்கு எது போதும், எது நியாயம் என்று கேட்பதெல்லாம் தத்துவம், அதற்கு இரண்டு கோடு போட்டுப் படம் வரைந்தால் சயின்ஸ் ஆகிவிடுமா என்று சீண்டுவார். ரோஸ்மேரி லேசில் விடமாட்டார். எங்களுக்கும் விதி இருக்கிறது, அது எந்த ஊரிலும் பொய்க்காது, ஆகவே சயின்ஸ்தான் என்று அடித்துச் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஊரையே கம்ப்யூட்டர் மோகம் பிடித்தது. பொருளாதாரப் பிரிவை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு வந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் ஏஞ்சலின் நல்ல மனுஷி. உங்கள் பாடத்திலும் செய்முறை உண்டு என்று எழுதிக் காட்டினால், பிரிவை விட்டுவைக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். ரோஸ்மேரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே பொருளை அடுத்தடுத்து நுகர்ந்தால் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகும் என்று ஒரு விதி உண்டு. ஒரு பிள்ளைக்கு வரிசையாகப் பழம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொன்னால் விதி தானாக நிரூபணமாகிவிடும்.

ஆசையில் நாளைப் பார்க்க மறந்தார். பழச்சீப்போடு வகுப்பில் போய் நின்றபிறகுதான், அன்றைக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. பாதி வகுப்பு ஒருசந்தி விரதம். அவருமே காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். மற்ற பிள்ளைகள், தோழிகள் பட்டினி கிடக்கும்போது எப்படித் தின்பது என்று நெளிந்தார்கள். கடைசியில் எரியோட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பொன்னழகு மட்டும் எழுந்து வந்தாள்.

முதல் பழத்துக்குப் பத்து போட்டாள். இரண்டாவதுக்கும் பத்து. மூன்றாவதையும் நாலாவதையும் தின்னாமல் மடியில் வைத்துக்கொண்டு அதற்கும் பத்துப் பத்து என்றாள்.

"பசிதான் அடங்கிருச்சேம்மா. பிறகு எதுக்கு நாலாவது பழத்துக்கும் பத்து?" என்று கேட்டார் ரோஸ்மேரி.

"அது எங்கம்மா திங்கப் போற பழம் டீச்சர். அதுக்குக் கொறைச்சுப் போட மனசு வரல."

வகுப்பு சிரித்தது. ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பழம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று அவர் வரைந்த எந்தக் கோடும் கேட்டதில்லை.

கௌசல்யாவிடம் போய்ச் சொன்னார். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

"எங்க லேப்ல பிள்ளைக போடாத ரீடிங்கா? விடை முன்னாடியே தெரியும், அதுக்கேத்த மாதிரி எழுதி ஒப்பேத்திருவாளுக. நானும் டிக் போட்டுருவேன். நீயும் பத்து, எட்டு, அஞ்சுன்னு எழுதிக் குடு. யாரு பாத்தா?"

"அந்தப் புள்ள பொய் சொல்லல கௌசி. அவ பேருல நான் எப்படிச் சொல்றது?"

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். சிஸ்டர் இருமுறை படித்துவிட்டு, இதை எப்படி நிர்வாகத்திடம் காட்டுவேன் என்று வருத்தப்பட்டார். அடுத்த வருஷம் பிரிவு மூடப்பட்டது. ரோஸ்மேரி ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கப் போனார். கையில் இருந்ததைத் தானே தூக்கிப் போட்டவள் என்று கௌசல்யாவுக்குத் தாங்கமாட்டாத கோபம். வெஞ்சனம் மாற்றுவது நின்றுபோயிற்று. வேலையின் தரம் இறங்கியதைவிட இதுதான் ரோஸ்மேரியை அரித்தது.

அந்த வருஷக் கடைசியில் பிசிக்ஸ் செய்முறைத் தேர்வு நடந்தது. ஏழாம் வகுப்புக்குப் போகிற வழியில் லேப் ஜன்னல். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்தவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெண்டுலக் கணக்கு ஒவ்வொரு மாதிரி வந்திருக்கிறது, ஒன்றுகூடப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை, என்ன பாடம் நடத்தினீர்கள் என்று கேட்டார்.

"வந்ததைத்தான் எழுதிருக்காளுக சார். இந்த வருஷம் அப்படித்தான் எழுதணும்னு சொல்லிருக்கேன்" என்றது கௌசல்யாவின் குரல்.

ரோஸ்மேரி ஜன்னலோரம் நின்றுவிட்டார். கண் கலங்கியது. வரலாறு வகுப்புக்கு அன்று தாமதமாகத்தான் போனார்.

மதியம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். கௌசல்யா தலைநிமிரவில்லை. தன் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதியை அள்ளி ரோஸ்மேரியின் டப்பாவில் வைத்துவிட்டு, "இப்பவும் சொல்றேன், உன்னோடது சயின்ஸ் இல்ல" என்றார்.