சுப்பராமன் சாரின் ஒற்றுப்பிழை

திருநகரில் யாரும் சுப்பராமனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லமாட்டார்கள். ஜாக்கிரதையான மனுஷர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துகிறவருக்கு இரண்டாவதைச் சொல்வது மரியாதை. வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் தொங்குவார். மனைவி அனந்தலக்ஷ்மி உள்ளேதான் இருக்கிறாள் என்பது சில நாள் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வரும்.

இப்படிப்பட்டவருக்கு முப்பது வருஷமாக வாய்த்திருக்கும் வேலை, பிள்ளைகளைப் பயமில்லாமல் பேச வைப்பது.

திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு நடுநிலைப்பள்ளி. அரசு உதவி பெறுவது என்பதால் மாறுதல் கிடையாது. சேர்ந்த இடத்திலேயே தலை நரைக்கலாம். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அவர்தான் தமிழ். பேச்சுப் பயிற்சியென்றால் ஒரு பிள்ளையை எழுப்பி, "நேத்து வீட்டுக்குப் போறப்ப என்னத்தப் பாத்த?" என்பார். "ஒண்ணும் பாக்கல சார்" என்று வரும். "அப்ப கண்ண மூடிக்கிட்டா போன? எந்த முள்ளுல விழுந்த, அதச் சொல்லு." வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் அந்தப் பிள்ளை எதையோ பேசத் தொடங்கியிருக்கும். வாசிப்புக்கு டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கும் பேப்பரை எண்ணெயோடு கொண்டுவருவார். கிழிந்து போன பாதிச் செய்தியில் என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஒரு தடவை பாதி விளம்பரத்தை வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு ஒரு கொலையையே கண்டுபிடித்தது.

எழுத்தில்தான் அவருக்குப் பிடிவாதம். ஒவ்வொரு நோட்டிலும் முதல் வரியை அவரே எழுதிக் கொடுப்பார். கீழே அதே மாதிரி எழுத வேண்டும். ழகரத்தின் வால் எவ்வளவு இறங்க வேண்டும், கொம்பு எப்படி வளைய வேண்டும் என்று வருஷக்கணக்கில் இழைத்து இழைத்துச் சொல்லிக்கொடுத்ததில், அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த நோட்டைத் திறந்தாலும் சுப்பராமன் எழுதியது போலவே இருக்கும். பிழை என்றால் மட்டும் அவருக்குப் பயமே கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன் திருத்துவார். தலைமையாசிரியை சோலையம்மாள் அனுப்பும் சுற்றறிக்கையையும் சிவப்பு மையோடுதான் திருப்பி அனுப்புவார். "சார், கையெழுத்துப் போடச் சொன்னா மார்க்குப் போடுறீங்க" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வார்.

போன வருஷம் சுவரிதழ் ஒன்று ஆரம்பித்தார். வராந்தாவில் ஒரு பச்சைப் பலகை. வாரா வாரம் பிள்ளைகள் எழுதியதைக் குத்தி வைப்பது. பலகையின் மேல்கட்டையில் 'உபயம்: வெள்ளைத்துரை' என்று எழுதியிருந்தது. கண்மாயில் சவுடு மண் அள்ளும் லாரிகள் அவருடையவை. பள்ளிக்கூடத்தில் ஃபேன், தண்ணீர்த் தொட்டி எல்லாமே அவர் உபயம்தான். சுவரிதழில் பேர் போட வேண்டாம் என்பது சார் வைத்த சட்டம். பேர் இல்லாவிட்டால் கூச்சப்படுகிற பிள்ளையும் பயமில்லாமல் எழுதும் என்று நம்பினார். அது சரியாகவே நடந்தது. அதுதான் வினை.

எதையும் தான் படிக்காமல் பலகையில் ஏற்றமாட்டார். அந்தத் திங்கட்கிழமை மட்டும் அவரை மதுரைக்கு ஒரு பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். மாணவரைச் சுதந்திரமாக எழுத விடுவது எப்படி என்பது பயிற்சியின் தலைப்பு. அன்றைக்குப் பிள்ளைகளே பலகையில் குத்திக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால் பலகைக்கு முன்னால் டீக்கடைக் கூட்டமே நிற்கிறது. இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய்ப் படித்தார்.

'நம் கண்மாயில் மடைக்குப் பக்கத்திலேயே மண் எடுக்கிறார்கள். பள்ளம் பனைமரத்தில் பாதி ஆழம் இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்தில் நிற்கும், மடைக்கு ஏறாது. போன வாரம் ஓர் ஆடு விழுந்து செத்தது. அடுத்து யார் விழுவார்கள் என்று தெரியவில்லை. பள்ளத்தை மூட யாரும் முயற்ச்சி செய்யவில்லை.'

கை தானாகச் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது. ற் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. முயற்சி என்றுதான் எழுத வேண்டும். ஆண்டாண்டாகச் சொல்லி வாய் வலித்த பாடம். பேனாவைத் திறந்த பிறகுதான், என்ன படித்தோம் என்பது உறைத்தது.

அவர் வகுப்பில் இந்தப் பிழையை இன்னும் விடாத பிள்ளை ஒன்றுதான். ஏழாம் வகுப்பு அஸ்வினி. அவளுடைய அப்பா சிவக்குமார், வெள்ளைத்துரையிடம் டிப்பர் லாரி ஓட்டுகிறவன்.

தாளைப் பிய்த்து மடித்துப் பையில் வைத்தார். அஸ்வினியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நீ எழுதுனதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்ல சார். நீங்கதான பேர் போட வேணாம்னு சொன்னீங்க."

"பள்ளத்த நீ பாத்தியா?"

"அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனப்ப பாத்தேன் சார். அதுல வண்டிய எறக்குறதுக்கு அப்பாவுக்கே பயமா இருக்காம். அம்மாகிட்டச் சொல்லுச்சு." கொஞ்சம் நின்று கேட்டாள்: "நல்லா எழுதிருக்கேனா சார்?"

"நல்லாத்தான் எழுதிருக்க" என்றார் சுப்பராமன். "யார் கேட்டாலும் நீ எழுதலன்னு சொல்லு." முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு அவர் பொய் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதைச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

படம் எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் அது ஊர் குரூப்பெல்லாம் சுற்றி, மேலிடத்துக்கும் போய், புதன்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பள்ளத்தை அளந்துவிட்டுப் போனார்கள். லாரிகள் நின்றன. வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளைத்துரை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அவரைக் காரில் ஏற்றி வந்தவன் சிவக்குமார். லாரி நின்றுவிட்டதால் அவனுக்கு அன்றைக்கு அந்த வேலை.

சுப்பராமனைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டபோது கரும்பலகையில் பாதி வாக்கியம் நின்றது. சாக்பீஸைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையோடு கொண்டுபோனார்.

வெள்ளைத்துரை சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உக்காருங்க சார். பயப்படாதீங்க. பச்சப்பிள்ள, தெரியாம எழுதிருக்கும். அத நான் என்ன செய்யப்போறேன்? அது வீட்டுல யாரு வாயத் தொறந்ததுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்." செல்போனை மேஜையில் வைத்தார். படம் பளிச்சென்று தெரிந்தது. "இம்புட்டு வெவரம் வெளியாளுக்குத் தெரியாது. என் லாரியில இருக்குறவன் எவனோதான். டீச்சரம்மா, நோட்டையெல்லாம் கொண்டாரச் சொல்லுங்க. எழுத்த வச்சுக் கண்டுபிடிச்சுரலாம்."

நோட்டுகள் வந்தன. ஒன்றைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார், ஏழெட்டைப் பரப்பினார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, அம்புட்டும் ஒரே ஆளு எழுதுன மாதிரி இருக்கு?"

"சாரோட கையெழுத்துண்ணே. எல்லாத்துக்கும் அதான் வரும்" என்றார் சோலையம்மாள், பெருமையும் நடுக்கமும் கலந்து.

வெள்ளைத்துரை மெதுவாகச் சுப்பராமன் பக்கம் திரும்பினார். "அப்ப சாரே எழுதுனதா?"

சுப்பராமன் கையிலிருந்த சாக்பீஸை உருட்டினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை அவருக்குப் பதிலாகச் சோலையம்மாளே சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"சார் எழுதலண்ணே! இதுல பிழ இருக்கு பாருங்க, கடைசி வரியில. முயற்ச்சின்னு ச் போட்டிருக்கு. சார் தூக்கத்துல எழுதுனாக்கூட அவருக்கு இந்தப் பிழ வராது."

வெள்ளைத்துரை சிரித்தார்.

"அப்படியா! அப்பச் சரியாப் போச்சு. எந்த நோட்டுல இந்தப் பிழ இருக்கோ, அந்தப் பிள்ளதான்."

மறுபடியும் நோட்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை எழுத்தைப் பார்க்கவில்லை, சிவப்பு வட்டங்களை மட்டும் பார்த்தார். சுப்பராமன் போட்ட வட்டங்கள். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, அழுத்திப் போட்டவை. அஸ்வினியின் நோட்டில் அந்தச் சொல்லைச் சுற்றி மூன்று இடத்தில் வட்டம் இருப்பது சுப்பராமனுக்குத் தெரியும். அது அடுக்கில் நாலாவதாக இருந்தது. வெள்ளைத்துரை இரண்டாவதை மூடிவிட்டு மூன்றாவதை எடுத்தார். ஜன்னல் வழியே, கார்க் கதவில் சாய்ந்து நிற்கும் சிவக்குமாரின் முதுகு தெரிந்தது.

"நான்தான்" என்றார் சுப்பராமன்.

குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் எழுதினேன். பஸ்ஸுல யாரோ பேசிக்கிட்டு வந்தாங்க. அத வச்சு எழுதினேன்."

"பிழ வராதுன்னாங்களே?"

"அவசரத்துல வந்துருச்சு."

சோலையம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கொலை செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாள் நம்பியிருப்பார், இதை நம்பவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைத்துரை ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினார். "எழுதுங்க சார் பாப்போம். அந்தக் கடைசி வரிய."

பேனாவை எடுத்தார். 'பள்ளத்தை மூட யாரும்' வரை ஓடியது. 'முயற்' என்பதோடு கை நின்றது. பயத்தில் நின்றதா, பழக்கத்தில் நின்றதா என்று அவருக்கே தெரியவில்லை. எதிரே இருந்தவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்பராமன் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு ச எழுதினார். அதன் தலையில் புள்ளி வைத்தார். பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல இருந்தது முகம்.

வெள்ளைத்துரை தாளைச் செல்போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

"வாத்தியாருக்கே தப்பு வருதுன்னா பிள்ளைக என்னத்தப் படிக்கும்? இனிமே ஊர்ச்செய்தி எழுதுறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. எந்த பஸ்ஸுல வர்றீங்க, எந்த பஸ்ஸுல போறீங்கன்னு எனக்குத் தெரியும்." எழுந்தார். "ஏய் சிவக்குமாரு! சார் முகம் சரியில்ல. கார்ல கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டு வா. நான் இங்கன டீ குடிக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குப் பயம். ஏறி உட்கார்ந்தார். கார் மெயின் ரோட்டுக்குப் போகாமல் கண்மாய்க்கரைக்குத் திரும்பியது.

"இது பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில்லையே, சிவக்குமார்?"

அவன் கியரை மாற்றினான். கரைமேல் ஏறி, பள்ளத்தின் விளிம்பை ஒட்டி நிறுத்தினான். சுப்பராமன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கீழே பார்த்தார். செம்மண் சுவர் செங்குத்தாக இறங்கியது. அடியில் குழம்பிய தண்ணீர்.

"பாதிப் பனை இல்ல சார். முழுப் பனை இருக்கும். கொறச்சுத்தான் எழுதிருக்கா" என்றான் சிவக்குமார்.

சுப்பராமன் அவன் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி வேணா நம்பலாம். அவரு உங்ககிட்டப் படிக்கல. நான் படிச்சேன். அந்தச் சொல்லு எனக்கும் எட்டாவது முடிச்சும் வரல. வீட்டுல அவளுக்கு எழுத்து சொல்லிக்குடுக்குறது நான்தான்." பின்னால் யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான், இந்தக் காரில் பயந்துபோய் இருப்பது தான் மட்டுமில்லை என்று சுப்பராமனுக்குப் புரிந்தது. அது ஆறுதலாக இல்லை.

"அவளத் திருத்திருங்க சார்."

"பிழையவா? எழுதுறதையேவா?"

சிவக்குமார் பள்ளத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான வாத்தியாரு" என்று சொல்லிவிட்டு, காரை மெல்லப் பின்னால் எடுத்தான்.