ஆரஞ்சுத் தோல் இல்லாத கேக்

எஸ்தர் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். திருநின்றவூருக்கு அவளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அக்கா மகன் போனில், "சித்தி, அம்மா போய்ட்டாங்க. நீங்க பதறாம வாங்க" என்றான். பஸ் வந்ததும் வழக்கம்போல் முண்டியடித்து ஏறி சீட் பிடித்தேன். உட்கார்ந்த பிறகுதான் இனி அவசரம் எதற்கு என்று உறைத்தது.

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்ச் பாடகர் குழுவில் ஸ்ருதி சேராமல், ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவள் அவள்தான். போதகர் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். "கர்த்தருக்குக் கேட்டா போதும்" என்று விட்டாள்.

எண்பதுகளில் எங்கள் லைனில் யார் வீட்டிலும் கேக் சுடும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கேக் மாவைக் கலந்து மார்க்கெட் பக்கத்து பேக்கரிக்குத் தூக்கிப்போவோம். தட்டுகளை அவர்களே தருவார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. அதனால் மாவின் மேல் முந்திரியால் அடையாளம் வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்குச் சிலுவை, எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு வட்டம்.

பிறகு பேக்கரி அடுப்பின் பின்சுவரில் சாய்ந்து காத்திருப்போம். டிசம்பர் காலையில் அந்தச் சுவர் முதுகுக்கு இதமாகச் சுடும். வெண்ணெய் வாசனையில் கண் சொருகும். அப்போதுதான் அக்காவின் கதைகள். சுவருக்கு உள்ளே ஒரு தெரு இருக்கிறதாம். தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுகிற நெடுங்கரண்டிதான் அந்தத் தெருவின் பஸ். ஒவ்வொரு கேக்கும் அதில் வந்து இறங்கி, பக்கத்துக் கேக்கிடம் தன் வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்லுமாம். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் புதுத்துணி எடுக்கவில்லை என்று. நான் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். ஏதோ முணுமுணுப்பு கேட்கத்தான் செய்தது. இன்றுவரை அது கற்பனை என்று எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு எட்டு வயதாயிருந்த வருஷம், நவம்பரில் அம்மா இறந்தாள். இந்த வருஷம் நம் வீட்டில் பண்டிகை இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அலமாரியில் பீங்கான் ஜாடி இருந்தது. அக்டோபரிலேயே அம்மா உலர்ந்த திராட்சையும் செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் நறுக்கித் திராட்சைச் சாற்றில் ஊறப்போட்டிருந்தாள். அம்மாவின் கைபட்டதென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அக்காவுக்கு அப்போது இருபது வயது. "அம்மா போட்டு வெச்சதை வீணாக்க மாட்டேன்ப்பா" என்றாள். அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் அந்த ஒரு மாதமாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிற பிள்ளையாக இருந்தேன்.

ஸ்டெல்லா ஆன்ட்டியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அவர்கள் கேக்குக்கும் அக்காவேதான் மாவு கலந்தாள். முதல் தடவை இல்லையா, இரண்டிலும் பால் கூடிப்போய் மாவு நீர்த்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டுகள் வெளியே வந்தபோது, சிலுவையும் இல்லை, வட்டமும் இல்லை. முந்திரியெல்லாம் மாவுக்குள் மூழ்கியிருந்தது. "எது யாரோடதும்மா?" என்றார் பேக்கரிக்காரர். அக்கா குனிந்து இரண்டையும் மாறி மாறி முகர்ந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு ஒன்றைத் தொட்டு, "இதுதான் எங்களுது" என்றாள்.

வீட்டில் எனக்கு முதல் துண்டு. அம்மா கேக்கில் ஆரஞ்சுத் தோல் கசக்கும். வருஷா வருஷம் அதைப் பொறுக்கித் தட்டோரம் வைத்துத் திட்டு வாங்குவேன். அந்தத் துண்டில் ஒரு தோல்கூட இல்லை. "அம்மா இந்த வாட்டி எனக்காகத் தோலே போடல" என்றேன். அக்கா தன் துண்டைக் கடித்துப் பார்த்தாள். பிறகு, "ஆமாடி, உனக்காகத்தான் போடல" என்றாள். நான் மூன்று துண்டு தின்றேன்.

அடுத்த வருஷத்திலிருந்து பேக்கரிச் சுவரோரம் ஒரு புதுக்கதை சேர்ந்துகொண்டது. ஒரு கேக் வீடு மாறி இறங்கிவிடுகிறது. அங்கே அதைக் கொண்டாடுகிறார்கள். தான் வீடு மாறி வந்துவிட்டதாக அது ஏன் சொல்லவில்லை என்று நான் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். "அந்த ஊட்டுப் பாப்பா சாப்ட்டுகினு கீது. எப்படிச் சொல்லும்?" என்பாள். அப்போ அதோட சொந்த வீட்டுக்காரங்க பாவமில்லையா என்று விடமாட்டேன். "அவங்களுக்கும் ஒரு துண்டு கெடச்சுது" என்பாள். தொண்ணூறுகளில் அவள் கல்யாணமாகிப் போன பிறகும் டிசம்பரில் கேக் வந்துவிடும். அவள் செய்த கேக் எதிலும் ஆரஞ்சுத் தோல் இருந்ததில்லை.

அடக்கம் முடிந்து ஸ்டெல்லா ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அந்த வருஷம் கேக்கை வாயில வெச்சதுமே தெரிஞ்சுது பாப்பா, ஆரஞ்சுத் தோலு, உங்கம்மா கை. அடுத்த நாளே மிச்சத்தை எடுத்துகினு ஓடியாந்தேன். உங்கக்கா வாசல்லயே நிறுத்திட்டா. ஒரே ஒரு துண்டு எடுத்து நின்னுகினே சாப்ட்டா. அவ்ளோ அழுகை. அப்புறம் தட்டைத் திருப்பிக் குடுத்து, 'பாப்பா இப்பதான் சாப்பிடுது ஆன்ட்டி, சொல்லிடாதீங்க'ன்னா. இன்னிக்கு வரைக்கும் நான் வாயத் தொறக்கல."

எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. உடனே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அவள் இல்லை.

இப்போது என் நூம்பல் வீட்டு மாடியில் ஆரஞ்சுத் தோல் காய்கிறது. இந்த டிசம்பரில் தோல் போட்டு ஒரு கேக், போடாமல் ஒரு கேக் செய்வேன். தோல் போட்டதை அக்காவைப்போல் நின்றபடியே ஒரு துண்டு தின்பேன், பொறுக்கி எறியாமல். மற்றதைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், எங்கள் அம்மா எனக்காகத் தோல் போடாமல் செய்த கேக் இது என்றுதான் சொல்வேன்.