மினுவெட்டில் பிந்திய வலது கை

யாங்கோனில், தாமுவே பகுதியில் இருக்கும் என் வீட்டில், ஒரு மாணவிக்கு மினுவெட் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஆடிய நடனத்துக்கான சின்ன பியானோ உருப்படி அது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடி வைத்துப் போகும். வலது கை பிந்தியது. வியர்வை என்று நினைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அடுத்த வரியில் அந்தக் கை கட்டையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுதல்) என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, கால் சீக்கிரம் தேறிவிடும், விரல்கள் மெதுவாகத்தான் என்றார்.

"பியானோ?" என்று கேட்டேன்.

"முதல்ல சட்டைக்குப் பொத்தான் போடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறாமை வரும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

என் தங்கை கோமதி என் மாணவர்களைப் பார்த்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டவள் நான்தான். ஆனாலும் அடுத்த அறையில் பயிற்சிப் பந்தை அமுக்கிக்கொண்டு படுத்திருக்கையில், பிள்ளைகள் அவளை "சயாமா" (பர்மியில் ஆசிரியை) என்று கூப்பிட்டது வயிற்றெரிச்சலாக இருந்தது. அது என் பெயர். இனி யாரும் என்னை அப்படிக் கூப்பிடமாட்டார்களோ என்று தூக்கம் வராமல் கிடந்தேன்.

அவள் மினுவெட் வாசித்தது அதைவிடக் கடுப்பு. கோமதி கற்றது சந்தயா, அதாவது பர்மியப் பாணிப் பியானோ. அதில் ஒரே மெட்டை இரண்டு கைகளும் மாறி மாறிப் பங்குபோட்டுக்கொள்ளும். மினுவெட்டில் மெட்டு வலது கைக்குச் சொந்தம். அவளோ அதையும் இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

"என்னடி இது?"

"பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்குக்கா."

"பிடிக்கும். காலையில சாப்பிடுற மொஹிங்கா மீன் நூடுல்ஸும்தான் பிடிக்குது. அதுக்காக அது மினுவெட்டாயிடுமா?"

ஒருநாள் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியின் ஊருக்குப் போயிருந்தாள். தனியாகப் பியானோ முன் உட்கார்ந்தேன். வலது கைக்கு எட்டிய சுரங்களை அதற்கு விட்டேன். எட்டாதவற்றை இடது கை எடுத்துக்கொண்டது. கோமதி செய்த அதே கூத்துதான். முதல் பகுதி முழுவதும் வந்துவிட்டது. அழுதேன். சந்தோஷம்தான், ஆனால் போயும் போயும் அவள் வழியிலா வரவேண்டும் என்ற ஆத்திரமும் இருந்தது.

திரும்பி வந்தவள் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

"அக்கா, இது சந்தயாதானே?"

"மினுவெட்" என்றேன்.

"சரிக்கா, மினுவெட்தான். இன்னொரு தடவை வாசி."

இப்போது பிள்ளைகள் சயாமா என்றால் இருவரும் திரும்புகிறோம். அவள் முந்திவிடுகிறாள், என் உடம்பு திரும்பி முடிக்க நேரமாகிறது. மினுவெட்டும் பழைய வேகத்தில் இல்லை. மூன்றாம் அடிக்கு வலது கை வந்து சேரும்வரை இடது கை அடுத்த கட்டையைத் தொடாமல் நிற்கிறது. இத்தனை வருடம் என்னோடு இருந்த கைக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்கு வரவில்லை. கோமதிமேல் இருந்த பொறாமை போய்விட்டது என்றால் பொய். அதில் பாதி இப்போது என் இடது கைமேல் இருக்கிறது.