வழுக்கையாற்றங்கரையில் ஓர் இத்தாலிக்காரர்

மதகுக் கட்டில் ஒரு காலை ஊன்றி, சைக்கிளை விட்டு இறங்காமலே தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார் துரைராஜா மாஸ்ரர். தோலைக் கீழே போடமாட்டார். சட்டைப் பைக்குள் வைப்பார். ஒரு சுளையை வாயிலிட்டு, கண்ணை மூடி மென்று முடித்து, பிறகு கண்ணைத் திறந்து வழுக்கையாற்றைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக்கென்று இருக்கிற ஒரே ஆறு அது. மாரியில்தான் அது ஆறு. மற்ற மாதங்களில் மாடு மேய்கிற பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்து, "அசல் இத்தாலி, கண்டியளோ!" என்று உருகக்கூடிய மனிதர் இந்தக் குடாநாட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

மாஸ்ரர் நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சண்டை மறுபடி தொடங்குவதற்குச் சற்று முன்னர், திருச்சபை மாநாடு ஒன்றுக்காக அவரை இத்தாலிக்கு அனுப்பினார்கள். மாநாட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை. மாநாடு முடிந்த பிறகு, அந்த ஊர்க் கிழட்டுப் பாஸ்ரர் ஒருவர் தம்முடைய பழைய சைக்கிளில் ஒன்றைக் கொடுத்து, போ என்ற பெரிய ஆற்றின் கரையோரமாகக் கூட்டிக்கொண்டு திரிந்ததை மட்டும் பாடமாக ஒப்பிப்பார். மலை இல்லை, மேடு இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் சோள வயல், நடுவே அணைக்கட்டுப் பாதை. சாப்பாட்டுக் கடை கண்ட இடத்தில் இறங்குவது, நிழல் கண்ட இடத்தில் உறங்குவது. "போய்ச் சேர வேண்டிய இடமெண்டு ஒண்டுமில்லை. ஓடுறதுக்காகவே ஓடுறது. அதுதான் நாகரிகம்" என்பார்.

இங்கே நாங்களும் சைக்கிளில்தான் போகிறோம். சண்டையால் பெற்றோல் வராத ஊரில் வேறு எதில் போவது? விறகு, நெல்மூட்டை, காய்ச்சல்காரன், வலியெடுத்த கர்ப்பிணி எல்லாம் காரியரில்தான் போகிறார்கள். சில நாள் சவப்பெட்டியும் போகிறது. எல்லோரும் மூச்சு வாங்கி, முதுகு நனைய மிதித்துப் போகிற அந்தத் தெருவின் நடுவே, காக்கி அரைக்காற்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, கோயில் தேருக்குப் போட்டியாக மாஸ்ரர் உலா வருவார். வானத்தில் குண்டு போடும் பொம்மர் வந்தால் ஊர் பங்கருக்குள் பாயும். மாஸ்ரர் மரத்துக்குக் கீழே ஒதுங்கி அடுத்த சுளையைப் பிய்ப்பார்.

அவருடைய மனைவி மியூரியல் அக்காவிடம் இதைப்பற்றிக் கதைத்துப் பாருங்கள். "விறகு கொத்தச் சொன்னால் இடுப்புப் பிடிச்சிடும். கண்டறியாத ஆறு பாக்கிறதெண்டால் இடுப்பு சண்டிலிப்பாய் மட்டும் போகும்" என்பார்.

எங்கள் ஊரில் வழியிற் போகிறவரை "எங்கே?" என்று கேட்கமாட்டோம், போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமோ?" என்று கேட்பதே மரியாதை. "இல்லை, உதிலைதான்" என்றோ, "ஓம், மானிப்பாய் மட்டும்" என்றோ ஒரு பதில் வரவேண்டும். மாஸ்ரரோ சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, "ஒரு இடமும் இல்லை. சும்மா பாத்துக்கொண்டு போறன்" என்பார். ஆற்றங்கரைச் சண்டிலிப்பாய்த் தோட்டக்காரருக்கு இந்தப் பதிலுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. வெளியூர் மனிதர் ஒருவர் அலுவல் எதுவுமில்லாமல், மெதுமெதுவாக, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறார் என்றால் அவர் கலியாண விசாரணைக்கு வந்தவர். மாப்பிள்ளை வீட்டார் தாங்களே வந்து விசாரிப்பதில்லை. சம்பந்தமே இல்லாதவர்போல ஒருவரை அனுப்புவார்கள். அப்படி வந்தவர் "நான் சும்மா வந்தனான்" என்று சாதிப்பதும் வழக்கம்தான்.

போதாக்குறைக்கு மாஸ்ரர் பூமிசாஸ்திரக்காரர். வேலிப் படலையில் நின்று அவர் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். "தோட்டம் எத்தினை பரப்பு வரும்? கிணறு தனிக் கிணறோ, பங்குக் கிணறோ? கோடையிலை வத்துமோ? இந்தக் கல்வீடு எப்ப கட்டினது?" சீதனம் விசாரிக்க வந்தவன்கூட இவ்வளவு பச்சையாகக் கேட்கக் கூசுவான். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டு, "இத்தாலியிலையும் உப்பிடித்தான்" என்று வேறு சொல்வார்.

இப்படித்தான் புகையிலைத் தோட்டக்காரர் அருளம்பலத்தாரின் மகள் அருந்ததிக்கு இத்தாலியில் ஒரு மாப்பிள்ளை பிறந்தான்.

அருளம்பலத்தாரின் மனைவி குணலட்சுமி அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாராம். "சைவ வீட்டுக்கு வேதக்காரரைப் பாத்து அனுப்பியிருக்கினம்! ஒருதருக்கும் சந்தேகம் வராதெண்டு. வலு கெட்டிக்காரச் சனம்." அன்றிலிருந்து மாஸ்ரருக்கு அந்த வீட்டில் முற்றத்துக் கதிரை, உளுந்து வடை, சீனி போட்ட தேத்தண்ணி. சீனி பொன்னுக்குச் சமமாக விற்கிற காலம். வீட்டார் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். மாஸ்ரர் எதையும் கவனிக்கமாட்டார். "தோட்டக்காரச் சனம் எங்கையும் ஒரே மாதிரி. போ ஆத்தங்கரையிலையும் கூப்பிட்டு வைச்சு வைன் தருவினம். ஒண்டையும் எதிர்பாராத அன்பு!" என்று எங்கள் ஒழுங்கையில் வந்து நெகிழ்வார்.

அதே அருந்ததிக்குக் கோப்பாயிலிருந்து மெய்யாகவே ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. பஞ்சலிங்கம் என்ற கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பெண்ணுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. இத்தாலி கண்ணில் தெரிந்ததும், "கொஞ்சம் பொறுங்கோ" என்று தாய் சொல்லி அனுப்பினார். பிறகு இன்னும் கொஞ்சம் என்றார். ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்வு தம் விரல்களுக்கிடையே தோடஞ்சுளையாய் நசிந்துகொண்டிருப்பதை அறியாமல், மாஸ்ரர் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒரு நாள், ஆறு கரை தொட்டு ஓடுகிறது, வந்து பார்த்தேயாகவேண்டும் என்று என்னையும் இழுத்துப்போனார். திரும்பும்போது அந்த வீட்டில் இறங்கினோம். வடைத் தட்டு வந்தது. குணலட்சுமி அம்மா தூணோடு நின்றார்.

"பெடியனுக்கு இப்ப என்ன வயசு வரும், மாஸ்ரர்?"

"எந்தப் பெடியன்?"

"அவர் வாய் திறவார், பாருங்கோ!" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானும் எவ்வளவு நாளைக்குத்தான் பொறுக்கிறது? கோப்பாயார் நாளைக்கு நீர்வேலியிலை வேறை பொம்பிளை பாக்கப் போகினமாம்."

அப்போதுதான் அருந்ததி உள்ளேயிருந்து வெளியே வந்தாள். ஈரக் கையைத் துடைக்கவுமில்லை.

"ஐயா, இத்தாலியிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மாஸ்ரர் யோசித்தார். "எனக்கோ? ஒரு பாஸ்ரர் இருக்கிறார், பிள்ளை."

"அவருக்கு என்ன வயசு?"

"எழுவது தாண்டியிருக்கும்."

"பொம்பிளை தேடுறாரோ?"

"சீச்சீ! அவருக்கு மனுசி இருக்கிறா. நல்ல மனுசி. எனக்குச் சூப் எல்லாம்..."

தட்டை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. பூமிசாஸ்திரம் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அருளம்பலத்தார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் காணும் வந்தனீர்?"

"காத்து வாங்க..."

"நல்லூரிலை காத்து இல்லையோ?"

தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோப்பாய்க்குத் தாமே போக அருளம்பலத்தாரால் முடியாது. காக்க வைத்த பெண்வீட்டார் படியேறிப் போய்க் கெஞ்சுவதாவது! மூன்றாவது மனிதர் ஒருவர்தான் போகவேண்டும். அருந்ததி அழவில்லை. மாஸ்ரரையே பார்த்தாள்.

"விசாரிக்க வந்த ஆள் எண்டு ஊர் முழுக்க உங்களைத்தான் சொல்லுது. இப்ப உண்மையாய்ப் போய் அலுவலைப் பாருங்கோ. எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு."

கோப்பாய்க்குப் போகும் வழியெல்லாம் மாஸ்ரர் ஒரு மரத்தையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் மிதித்து எனக்கு நெஞ்சு அடைத்தது. பஞ்சலிங்கத்தின் தகப்பனார் மார்க்கண்டு சாய்மனைக் கதிரையில் கிடந்தார். எங்களை இருக்கச் சொல்லவில்லை.

"ஓகோ, இத்தாலிச் சம்பந்தக்காரரோ?"

"அப்பிடி ஒரு சம்பந்தமும் இல்லை, ஐயா. பிழை முழுக்க என்னிலை. இத்தாலியிலை மாப்பிள்ளை எண்டு ஒருதரும் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் உங்கடை மகனைத்தான் பிடிச்சிருக்கு."

"அப்ப மாப்பிள்ளை இல்லையெண்ட உடனைதான் எங்கடை ஞாபகம் வந்ததாக்கும்?" மார்க்கண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேள்விப்பட்டனான். அங்கை ஆறு ஓடுதாம். ரண்டு கரையும் பச்சையாம். சனம் சிரிச்சுக்கொண்டு சைக்கிள் ஓடுதாம். அப்பிடிச் சொர்க்கத்தைக் கனாக் கண்ட வீட்டிலை என்ரை பிள்ளை போய்ச் சங்கக்கடைச் சீனி நிறுக்கிறதோ? பிறகு காலம் முழுக்க, 'நான் இத்தாலிக்குப் போகவேண்டியவள்' எண்ட கதையோ? வேண்டாம். நீங்கள் போட்டு வாங்கோ."

நான் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். மாஸ்ரர் அசையவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அந்த மனிதருக்கென்று இருந்தது ஒரேயொரு ஆறு.

"ஆர் உங்களுக்குச் சொர்க்கம் எண்டு சொன்னது?" என்றார்.

"நீர்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீராம்."

"புளுகு, ஐயா. முழுப் புளுகு. நான் சைக்கிள் ஓடினது ஒரேயொரு காலமை. அதுவும் முன் சில்லுத் தெரியாத பனி. ஆத்தையே நான் காணேல்லை. நேரே வாய்க்காலுக்கை விழுந்தன். சேறு எண்டால் சேறு! மிச்ச நாள் முழுக்கக் கட்டிலிலை படுத்துக் கிடந்துபோட்டு வந்தனான்."

அவர் இத்தாலி போனது நல்ல வெயில் காலத்தில் என்பது எனக்குத் தெரியும். பாஸ்ரரும் அவரும் ஆற்றை முதுகுக்கு விட்டு, கண் கூசச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

"சாப்பாடு?" என்று கேட்டார் மார்க்கண்டர். குரலில் கொஞ்சம் ஆவல் இருந்தது.

"உறைப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. வருத்தக்காரருக்குக் குடுக்கிற மாதிரி. நாய் முகராது."

"சனம்?"

"ஒருதரும் ஒருதரோடையும் கதையாதுகள். அந்தப் பிள்ளை தப்பினது கடவுள் கிருபை. உங்கடை மகன்ரை சங்கக்கடை வாசலுக்குக் காணாது, ஐயா, அந்த நாடு."

மார்க்கண்டரின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. "எண்டாலும் அவ்வளவு தண்ணி ஓடுற நாடு..."

"தண்ணியோ? நுளம்பெண்டு கேளுங்கோ! இலையான் அளவு நுளம்பு. காற்சட்டையோடை சேர்த்துக் கடிச்சு இரத்தம் குடிக்கும். எங்கடை நுளம்பு அதுக்குப் பக்கத்திலை பச்சைப் பிள்ளை."

மார்க்கண்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். காலை எட்டிப் பக்கத்திலிருந்த மர வாங்கை எங்கள் பக்கமாகத் தள்ளினார். "இருங்கோவன். பிள்ளையள், தேத்தண்ணி போடுங்கோ! பேந்து சொல்லும் மாஸ்ரர், உந்த நுளம்பு பகலிலையும் கடிக்குமோ?"

"பகலோ, இரவோ எண்டு அதுக்கு இல்லை" என்றார் மாஸ்ரர். கண் கலங்கியிருந்தது. வாங்கில் உட்கார்ந்து, குனிந்து, அரைக்காற்சட்டைக்குக் கீழே தெரிந்த தம்முடைய வெறுங்காலில் படாரென்று ஓர் அடி அடித்தார்.